அணைத்த பின்னும் தெரிந்த புள்ளி

ஜூன் 3, திங்கள்

முற்பகல் முழுவதும் ஒரு பொத்தானைப் பற்றிய விவாதத்தில் கழிந்தது.

எங்கள் நிறுவனத்தின் 'அருகில்' செயலியை வைத்திருக்கும் குடும்பத்தினர், தாம் இருக்கும் இடத்தை ஒருவருக்கொருவர் வரைபடத்தில் நீலப் புள்ளியாகக் காட்டிக்கொள்ளலாம். வேண்டாதபோது நிறுத்திக்கொள்ளலாம். அதன் செட்டிங்ஸ் பக்கத்தைக் கார்குழலி புதிதாக வரைந்திருக்கிறார். திரை வடிவமைப்பு அவர் பொறுப்பு. சட்டம் என் பொறுப்பு. பழைய பக்கத்தில் எதை மாற்றினாலும் அடியிலுள்ள 'சேமி' பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு 'உறுதியாகவா?' என்றொரு பெட்டி வரும். அதற்கும் கீழே, 'மாற்றங்கள் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நடைமுறைக்கு வரும்' என்ற வாக்கியம் இருக்கும். கார்குழலி இவை அனைத்தையும் எடுத்துவிட்டார். புதிய பக்கத்தில் சுவிட்சைத் தள்ளினால் போதும்.

"உறுதிப்படுத்தும் பெட்டி இல்லையென்றால், ஒருவர் கைதவறித் தட்டிவிடும்போது என்ன செய்வார்?" என்று கேட்டேன்.

"திருப்பித் தட்டுவாங்க சார். உங்க வீட்ல ஃபேன் போடறப்ப யாராச்சும் வந்து 'உறுதியாங்க?'ன்னு கேக்கறாங்களா?"

"என் மனைவி கேட்பார்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை.

கார்குழலி ஒரு நிபந்தனை வைத்தார். "சேமி பட்டன எடுத்தாச்சுன்னா, தட்டின நொடியே காரியம் ஆகணுங்க. இல்லைன்னா இந்தப் பக்கமே பொய்யி." சர்வர் பிரிவின் தலைவர் ஜோயல், மாற்றங்களை எல்லாம் நாள்தோறும் ஒரே வேளையில் மொத்தமாகச் செயல்படுத்துவதுதான் இப்போதைய ஏற்பாடு என்றும், அதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். நிர்வாக இயக்குநர் நந்தகோபால் முடித்துவைத்தார். "மொதல்ல ஸ்கிரீன் போகட்டும், சர்வர் பின்னால வரட்டும். அந்த இருபத்துநாலு மணி நேர சமாச்சாரம் திரையில அசிங்கமா இருக்குது. வக்கீல் சார், அத எங்கயாச்சும் உள்ள வெச்சுருங்க."

அவ்வாறே அவ்வாக்கியம் பயன்பாட்டு விதிமுறைகளில் 14(3)-ஆக இடம்பெற்றது. யாரும் கேட்காமலே அதனுடன் ஒரு தொடரும் சேர்க்கப்பட்டது: 'அதுவரை பயனரின் சம்மதம் தொடர்வதாகக் கருதப்படும்.' இனி அதில் ஓட்டை என்று எதுவும் இல்லை.

மொட்டைமாடித் தொட்டியின் மிதவை வால்வு பழுது. பிளம்பர் வரவில்லை.

ஜூன் 8, சனி

புதிய பக்கம் நேற்று வெளியாகிவிட்டது. பாராட்டுகள் வருகின்றன. 'கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

என் மகள் ஆதிரை ஓசூரில் ஒரு வாகனத் தொழிற்சாலையில் பொறியாளர். பரிசோதனைக்காக அவள் தொலைபேசியிலும் இச்செயலி உண்டு. காலையில் செய்தி அனுப்பியிருந்தாள்: 'ரெண்டு நாள் ஆஃப் பண்ணி வைக்கிறேன்பா. பயப்படாதீங்க.' அதில் பயப்பட ஒன்றுமில்லை.

ஆயினும் புள்ளி மறையவில்லை. அது ஓசூரிலிருந்து கிளம்பிக் கிருஷ்ணகிரி கடந்து தர்மபுரியில் ஒரு தெருவில் நின்றது. மாலை வரை அங்கேயே இருந்தது. தர்மபுரியில் எங்களுக்கு உறவினர் எவரும் இல்லை.

"என்ன, அந்தப் போனையே பாத்துக்கிட்டு இருக்கீய? சாப்பாடு ஆறுது," என்றாள் மனைவி சங்கரவடிவு.

"அலுவலகப் பரிசோதனை."

"பரிசோதனைக்கு மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

பிளம்பர் வந்து வால்வை மாற்றினார்.

ஜூன் 9, ஞாயிறு

காலையில் புள்ளி இல்லை. ஆகவே செயலி விதி 14(3)-இன்படியே இயங்குகிறது.

ஜூன் 20, வியாழன்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு ஓர் அழைப்பை எனக்கு மாற்றிவிட்டது. ஜெயக்கொடி என்பவர் பேசினார். உடுமலையில் கணவர் தங்கமுத்துவின் அடி தாங்காமல் வீட்டை விட்டு வெளியேறி, பல்லடத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் சேர்ந்தவர்.

"பஸ்ஸு ஏறினதும் ஆஃப் பண்ணினேனுங்க. சாம்பல் கலராச்சு. சந்தேகப்பட்டு மறுபடியும் எடுத்துப் பாத்தனுங்க, ஆஃபுன்னுதான் இருந்துச்சு. காத்தால கதவத் தொறந்தா கேட்டுல நிக்கறாருங்க."

விடுதிக் காப்பாளர் கூச்சலிட்டதால் கணவர் ஓடிவிட்டார். அதற்குள் ஜெயக்கொடியின் கை முறிந்திருந்தது. பாதுகாப்பு ஆணை கேட்டு நீதிமன்றத்தில் மனுச் செய்திருக்கிறார். கணவர் தரப்பின் பதில் இது: அன்றிரவு முழுவதும் மனைவி தன் இருப்பிடத்தைக் கணவருக்குச் சம்மதத்துடன் காட்டிக்கொண்டுதான் இருந்தார், வரச் சொன்னதே அவர்தான்.

"அவரு வக்கீலு உங்க ஆப்புல இருந்து பிரிண்ட் எடுத்துக் குடுத்திருக்காருங்க. பதினாலு மூணாம். சம்மதம் தொடருதுன்னு போட்டிருக்குதாமா. நான் எங்கீங்க சார் சம்மதிச்சேன்?"

விதிமுறைத் தொகுப்பைப் பிரித்து 14(3)-ஐ மறுபடி படித்தேன். தொடர்பு அறுந்துவிட்டதென எண்ணி அவர் "சார், சார்" என்றார்.

அவர் எந்த நேரத்தில் அணைத்தார் என்பது எங்கள் சர்வரில் பதிவாகியிருக்கும் என்றும், நீதிமன்றம் சம்மன் அனுப்பி அதைக் கேட்டால் நிறுவனம் மறுக்க இயலாது என்றும் சொன்னேன். அவருடைய வழக்கறிஞர் எந்தச் சொற்களில் மனுப்போட வேண்டும் என்பதையும் குறிப்பிட்டேன். இதை ஆலோசனை என்று கூற முடியாது. எவரும் அறியக்கூடிய பொதுச் சட்டத் தகவலே.

ஜூன் 21, வெள்ளி

நந்தகோபால் அறையில் கூட்டம். ஜெயக்கொடிக்கு அனுப்ப வேண்டிய பதிலை அவரே தயாரித்து வைத்திருந்தார். சாரம்: பயனர் விதி 14(3)-ஐ ஏற்றுள்ளார், மறுநாள் காலை வரை இருப்பிடம் அவர் சம்மதத்துடனேயே பகிரப்பட்டது, நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. கையொப்பம் மட்டும் என்னுடையது.

"இதை அனுப்பினால் அந்தப் பெண்ணின் வழக்கு அதோடு முடிந்துவிடும்," என்றேன்.

"வக்கீல் சார், அவ புருசன் பின்னாலயே பஸ்ஸுல போயிருப்பான். நம்ம புள்ளியப் பாத்துட்டுத்தான் போனான்னு யாரு கண்டா? ஆஃப் பண்ணின அப்பறம் அது தெரியும்னு யாரு பாத்தா?"

"நான் பார்த்தேன்."

அறையில் இருந்தவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். இம்மாதம் எட்டாம் தேதி, ஒரு பரிசோதனையின்போது, பகிர்வு அணைக்கப்பட்ட தொலைபேசி ஒன்றின் புள்ளி நாள் முழுவதும் தெரிந்ததை நேரில் கண்டதாகச் சொன்னேன்.

"யாரோட போனு?" என்றார் ஜோயல்.

"என் மகளுடையது."

கார்குழலி என்னைப் பார்த்துவிட்டு மேசையைப் பார்த்தார். "அன்னிக்கே ஏனுங்க சார் சொல்லல?" என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது. அதற்குள் நந்தகோபால் வேறு பேசத் தொடங்கிவிட்டதால் பதில் சொல்ல வாய்ப்பு அமையவில்லை.

ஜூன் 22, சனி

அவள் புள்ளியை நான் பார்த்த விஷயம் சங்கரவடிவு மூலம் தெரிந்து ஆதிரை தொலைபேசியில் பேசினாள்.

"நான் ஆஃப் பண்ணியிருந்தேன்ப்பா."

அவள் கூற்று சரியானது.

ஜூன் 24, திங்கள்

பதில் கடிதத்தில் கையொப்பமிட மறுத்துவிட்டேன். மறுப்புக்கான காரணத்தை ஒரு பக்கக் குறிப்பாக எழுதிக் கொடுத்தேன்: அணைத்த நேரத்திலேயே பயனரின் சம்மதம் முடிந்துவிட்டது, அதன் பின் நிகழ்ந்தது நிறுவனத்தின் செயல், 14(3)-இல் உள்ள இரண்டாம் வாக்கியம் இதை மறைக்கிறது, அதை எழுதியவன் நான்.

நந்தகோபால் குறிப்பைப் படிக்காமலே மடித்தார். "கம்பெனி பக்கம் நிக்கறதுக்குத்தானேங்க உங்களுக்குச் சம்பளம்?"

"அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறேன். பொய்க் கடிதம் எழுதியதாக நாளை நிறுவனத்தின் மீது வழக்கு வரும்போது இக்குறிப்பு உங்களுக்கு உதவும்."

"உங்க வயசுக்கு உங்கள வெளிய போங்கன்னு சொல்ல வாய் வரலீங்க. நீங்களே ராஜினாமா குடுத்துட்டீங்கன்னா ரெண்டு பேருக்கும் மரியாதை."

"கொடுக்க மாட்டேன். பணிநீக்க ஆணை தாருங்கள். காரணத்தை எழுத்தில் குறிப்பிட்டால் உடனே பெற்றுக்கொள்கிறேன்."

அந்தக் காரணத்தை எழுதக்கூடியவர் இக்கட்டடத்தில் யாருமில்லை. அது அவருக்கும் தெரியும்.

ஜூன் 26, புதன்

என் அறை இன்றுமுதல் உடைந்த நாற்காலிகளுக்குரியது. காபி இயந்திரத்தின் அருகே எனக்கு மேசை போடப்பட்டிருக்கிறது. எவர் காபி எடுக்க வந்தாலும் "எக்ஸ்கியூஸ் மீ சார்" என்கிறார்கள். நான் முழங்கையை உள்ளே இழுத்துக்கொள்கிறேன். வழக்கம்போல் முழுக்கைச் சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிந்தே போனேன். நாளையும் அவ்வாறே.

சலவைக்காரரிடம் ஐந்து சட்டைகள் போட்டிருக்கிறேன்.

ஜூன் 28, வெள்ளி

கார்குழலி காபி எடுக்க வந்து, எடுக்காமல் நின்றார். 'மாற்றங்கள் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள்' என்ற வாக்கியத்தை மறுபடியும் திரையில், மிகச் சிறிய எழுத்தில், வெளிர்சாம்பலில் போடச் சொல்லி அவருக்கு உத்தரவாகியிருக்கிறது.

"போட மாட்டேன்னு சொல்லிட்டேனுங்க. லைட்டத் தட்டுனா அணையணும். 'நாளைக்கு அணையும்'னு பக்கத்துல சீட்டு ஒட்டறதுக்கு நான் எதுக்குங்க?"

"சர்வரை மாற்ற எவ்வளவு காலம் ஆகும்?"

"ரெண்டு வாரம்னு ஜோயலே சொல்றாரு. யாரும் செய்யுன்னு சொல்லல, அதனால செய்யல. அவ்வளவுதான் விஷயம்."

குரலைத் தாழ்த்திக்கொண்டு மேலும் ஒன்று கேட்டார். சுவிட்சைத் தள்ளியதும் அது பொய்யாக மறுபக்கம் போய்விடாமல், சர்வர் உண்மையிலேயே நிறுத்தும் வரை நடுவிலேயே நிற்கும்படியும், 'உங்கள் இடம் இன்னும் பகிரப்படுகிறது' என்று பெரிய எழுத்தில் அறிவிக்கும்படியும் அவர் திரையை மாற்றினால், அது சட்டப்படி தவறா?

"பயனரிடம் உண்மையைச் சொல்வதைத் தடுக்கும் சட்டம் எதையும் நான் அறியேன்."

"என் மேல நடவடிக்கை எடுப்பாங்களா?"

"எடுக்கலாம்."

"எடுக்கட்டும். ரெண்டு நாளைக்காச்சும் உண்மையா இருக்கட்டும் அந்தப் பக்கம்." பிறகு என் மேசையைப் பார்த்தார். "இங்க ஒரே காபி வாசமா இருக்குதுங்களே, தலை வலிக்கலீங்களா?"

வலிக்கிறது. அதை அவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

இச்செயலியைத் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு வழங்க எண்ணியுள்ள ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் அதிகாரிகள் பெங்களூரிலிருந்து வந்திருந்தார்கள். நந்தகோபாலே செயலியை இயக்கிக் காட்டினார். ஒப்பந்தம் பற்றிக் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேறு ஆளில்லாததால் என்னையும் உட்காரவைத்திருந்தார்கள்.

"பாருங்க, சேமி கீமி எதுவுமே கெடையாது. ஒரு தட்டு. அவ்வளவுதான்," என்று சொல்லிச் சுவிட்சைத் தள்ளினார்.

அது பாதி வழியில் நின்றது. சுவரளவு திரையில் 'உங்கள் இடம் இன்னும் பகிரப்படுகிறது' என்ற எழுத்துகள் தோன்றின. அவர் மறுபடி தட்டினார். எழுத்துகள் அப்படியே இருந்தன.

வந்தவர்களில் மூத்த அதிகாரியான அம்மையார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "இது எப்ப அணையும்?"

"நெட்வொர்க்கு கொஞ்சம்..." என்றார் நந்தகோபால். ஜோயல் கூரையிலுள்ள விளக்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"நாளைக்குக் காத்தால மேடம்," என்றார் கார்குழலி.

"நாளைக்கா? அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் தெரியுங்க."

அம்மையார் என்னைப் பார்த்தார். "நீங்க லீகல்தானே? இதுக்கு உங்க டேர்ம்ஸ்ல என்ன போட்டிருக்கீங்க?"

14(3)-ஐ மனப்பாடமாகச் சொன்னேன். இரண்டாம் வாக்கியம் வரும்போது அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"இத சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க. எங்க கஸ்டமர்கிட்ட இத நாங்க குடுக்க முடியாது."

அவர்கள் போன பின் நந்தகோபால் கதவைச் சாத்தினார். "யாரக் கேட்டு இந்தச் சுவிட்ச மாத்துனீங்க?"

"சுவிட்ச் பண்றது அதேதானுங்க சார்," என்றார் கார்குழலி. "ஒரு மாசமா நடந்துட்டிருந்தத இன்னிக்குத்தான் காட்டுது."

நந்தகோபால் சுவர்த்திரையை அணைத்தார். பிறகு ஜோயலிடம், "ரெண்டு வாரம்னா ரெண்டு வாரம். நாளையிலிருந்து வேற வேலை பாக்காத," என்றார். என் மேசை காபி இயந்திரத்தருகிலேயே இருக்கிறது.

ஜூலை 4, வியாழன்

சம்மன் வந்துவிட்டது. ஜெயக்கொடியின் தொலைபேசிக்கான பதிவுகளை நிறுவனத்தின் பொறுப்பான அலுவலர் நேரில் கொண்டுவந்து சாட்சியம் அளிக்க வேண்டும். மனுவின் வாசகம் எனக்குப் பரிச்சயமானதாக இருந்தது.

"வேற யாரையாச்சும் அனுப்பிக்கலாம்," என்றார் நந்தகோபால்.

"அனுப்பலாம். பதிவுகளுக்குச் சான்றளிக்கும் அதிகாரம் என் பெயரில் இருக்கிறது. அதை மாற்ற இயக்குநர் குழுத் தீர்மானம் வேண்டும். நீதிமன்றம் கேட்டிருக்கும் நேரத்தில் ஏன் மாற்றினீர்கள் என்பதைத் தீர்மானத்தில் எழுத வேண்டும்."

"நீங்க எல்லாத்தையும் எழுத வெக்கறீங்க சார்."

"ஆம்."

ஜூலை 16, செவ்வாய்

சர்வர் மாற்றம் இன்று பிற்பகல் நடைமுறைக்கு வந்தது. கார்குழலி என் மேசைக்கு வந்து இரு தொலைபேசிகளை வைத்து, ஒன்றில் சுவிட்சைத் தள்ளினார். அதே கணத்தில் மற்றதில் புள்ளி மறைந்தது. நடுவில் நிற்கவில்லை, எந்த வாக்கியமும் தோன்றவில்லை.

"இப்பத்தானுங்க இது டிசைன்," என்றார்.

விதி 14(3)-ஐ முழுவதுமாக நீக்கினேன். அந்த இடத்தில் எதையும் எழுதவில்லை.

ஜூலை 18, வியாழன்

உடுமலைக்கு முதல் பேருந்தில் புறப்பட்டேன். நீதித்துறை நடுவர் மன்றத்தின் முதல்மாடி வராந்தாவில் ஜெயக்கொடியை முதன்முறையாகப் பார்த்தேன். சிறிய உருவம், இடக்கையில் மாவுக்கட்டு. படிக்கட்டின் மேல்படியில், அவரைப் பார்த்தபடி, தங்கமுத்து நின்றிருந்தார். ஜெயக்கொடி தண்ணீர் குடிக்கப் போனால் தங்கமுத்துவும் அந்தப் பக்கம் நகர்ந்தார். திரும்பி வந்தால் இவரும் வந்தார். தொடவில்லை, பேசவுமில்லை.

பதிவுகளைத் தாக்கல் செய்தேன். ஜெயக்கொடி பேருந்து ஏறிய சிறிது நேரத்தில் சுவிட்ச் அணைக்கப்பட்டது. மறுநாள் காலை வரை இருப்பிடம் கணவரின் தொலைபேசிக்குச் சென்றது. இரண்டும் அதில் தெளிவாக உள்ளன. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். கையில் அச்சிட்ட தாள்.

"இந்தப் பதினாலு மூணு யார் எழுதினது?"

"நான்."

"அர்த்தம் தெரிஞ்சுதானே எழுதினீங்க?"

"தெரிந்துதான்."

"சம்மதம் தொடர்வதாகக் கருதப்படும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்ப மனுதாரர் சம்மதம் மறுநாள் காலை வரைக்கும் இருந்துச்சுன்னுதானே அர்த்தம்?"

"இல்லை. இருக்கும் சம்மதத்தை எவரும் இருப்பதாகக் கருத வேண்டியதில்லை. அது அவரிடம் இல்லை என்பது தெரிந்ததால்தான் அப்படி எழுதினேன்."

நடுவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவர் இளம்வயதுப் பெண்மணி. "யார் கருதினது?"

"நாங்கள், அம்மா. எங்கள் வசதிக்காக. மனுதாரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்க எங்களுக்கு மறுநாள் வரை ஆயிற்று."

"நீங்க எழுதின விதிய நீங்களே பொய்ன்னு சொல்றீங்க," என்றார் வழக்கறிஞர். "கம்பெனிக்கு இது தெரியுமா?"

"தெரியும். எழுத்தில் கொடுத்திருக்கிறேன்."

அவர் மேலும் சில கேள்விகள் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். என் கைகள் கூண்டின் கம்பியைப் பற்றியிருந்ததை இறங்கும்போதுதான் கவனித்தேன்.

உணவு இடைவேளைக்கு முன்பே நடுவர் இடைக்கால ஆணையை வாசித்தார். கணவர் மனுதாரரை அணுகவோ, பின்தொடரவோ, அவர் இருக்கும் இடத்தில் நிற்கவோ கூடாது. ஆணை இந்நேரம் முதல் அமலுக்கு வருகிறது.

வெளியே வந்தபோது தங்கமுத்து அதே மேல்படியில் நின்றிருந்தார். ஜெயக்கொடி கீழே இறங்க அந்த ஒரு வழிதான். நீதிமன்றக் காவலர் அவரிடம் போனார்.

"எறங்குங்க. ஆர்டர் ஆயிருச்சு."

"ஆர்டர் காப்பி கைக்கு வரட்டுங்க. வக்கீலு சாயங்காலம் ஆகும்ன்னாரு."

"காப்பி சாயங்காலம் வரும். ஆர்டர் அம்மா சொன்னப்பவே ஆயிருச்சு. எறங்குங்க."

தங்கமுத்து காவலரைத் தாண்டி ஜெயக்கொடியைப் பார்த்தார். நான் ஜெயக்கொடி பக்கத்தில் போய் நிற்கலாமென்று ஓரடி வைத்தேன். ஜெயக்கொடி என்னைத் திரும்பிப் பார்க்காமலே நல்ல கையால் வேண்டாமெனக் காட்டினார். பிறகு அவரே இரண்டடி முன்னால் போய்ப் படிக்கட்டின் எதிரே நின்றார்.

"எறங்கு," என்றார். குரல் பெரிதாக இல்லை. இந்த 'ங்க' இல்லாமல் அவர் அந்த மனிதரிடம் பேசியது அதுவே முதல்முறையாக இருக்கலாம். அதை உறுதியாகக் கூற எனக்கு ஆதாரமில்லை.

தங்கமுத்து இறங்கினார். ஜெயக்கொடி வராந்தாவின் கைப்பிடிச் சுவருக்குப் போய்க் கீழே பார்த்தார். தங்கமுத்து வெளியில் வந்து, வேப்பமரத்தடியில் வண்டியை எடுத்து, ஒருமுறை மேலே பார்த்துவிட்டு, வாயிற்கதவைக் கடந்து தளி ரோட்டுப் பக்கம் திரும்பினார்.

"போயிட்டானுங்க சார்," என்றார் ஜெயக்கொடி. சிறிது பொறுத்து, "நெசமாவே போயிட்டான்," என்றார்.

வண்டிச் சத்தம் கேட்காமல் போகும்வரை அவர் அங்கேயே நின்றார். பிறகு முதலில் அவர் இறங்கினார், நான் பின்னால்.